ஜெபமணி அக்காவும் எங்கள் முதல் வீடியோ கேமராவும்

ஜெபமணி அக்கா இன்று காலை இறந்துவிட்டார். தென்காசியில், அவருடைய தம்பி வீட்டில்.

தம்பி மகன்தான் போன் பண்ணினான். "அத்தை தூக்கத்துலயே போயிட்டாவ..." 

என் ஃபிரெண்ட்ஸ் லிஸ்டில் அக்காவைத் தெரிந்தவர்கள் ரெண்டு மூணு பேர் இருந்தாலே அதிகம். இருந்தாலும் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில் தென்காசியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அக்கா நெகட்டிவில் பென்சில் வைத்து முகப்பருவை மறைப்பார். நான் போட்டோ வெட்டி, அட்டையில் ஒட்டி, கவரில் பெயர் எழுதுவேன்.

கல்யாண வீடுகளில் வீடியோ வர ஆரம்பித்த சமயம் அது. கடையநல்லூரிலிருந்து ஒரு அம்மா ஸ்டுடியோவுக்கு வந்தார். மகளுக்குக் கல்யாணம். புருஷன் சவுதியில், லீவு கிடைக்கவில்லை.

"பொம்பளைப் பக்கம் வீடியோ எடுக்கதுக்குப் பொம்பளை ஆளு யாரும் இல்லியா? மவ கல்யாணத்த அவுக பாக்கணும்லா..."

எங்கள் முதலாளி அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். அந்த அம்மா போனதும் அக்கா கேட்டார், "அண்ணாச்சி, கேமரா வாங்குங்க. நான் எடுக்கேன்."

"பொம்பளப்புள்ள கேமராவத் தோள்ல தூக்கிட்டுப் போனா நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"நாலு பேரும் அவங்கவங்க வீட்டுக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான் அண்ணாச்சி."

அவர் வாங்கவில்லை. நாங்கள் வாங்கினோம்.

போட்டோ பேப்பர் டப்பாவைக் கிழித்து அதன் பின்பக்கம் பட்ஜெட் போட்டோம். கேமரா, லைட், ஸ்டாண்டு, பேட்டரி ரெண்டு, காப்பி போட ஒரு டெக், கேசட். அக்காவின் சீட்டுப் பணம், என் தையல் மிஷின் விற்ற பணம்... எல்லாம் சேர்த்தாலும் பாதிக்குத்தான் வந்தது.

அக்கா ஒவ்வொன்றாக அடித்தார். "ஸ்டாண்டு எதுக்குட்டி? எனக்கு ரெண்டு காலு இருக்குல்லா." டெக்கும் போனது. இரண்டாவது பேட்டரியும் போனது. லைட்டில் மட்டும் கை வைக்க விடவில்லை. "இருட்டுல எடுத்தா பொண்ணும் தெரியாது, ஒண்ணும் தெரியாது."

கடையநல்லூர் அம்மாவின் தம்பி துபாயிலிருந்து லீவில் வரும்போது கேமராவைக் கொண்டுவந்தார். அந்த வீட்டுக் கல்யாணம்தான் முதல் ஆர்டர்.

நான் லைட் பிடித்தேன்... அப்படி ஒரு சூடு. அக்கா முக்காடு போட்டுக்கொண்டு அந்த எடையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றார். பெண்களுக்கெல்லாம் முதலில் வெட்கம், பிறகு ஒரே சிரிப்பு.

பெண்ணை அனுப்புகிற நேரத்தில் பேட்டரி சிவப்பாக மினுக்கியது. அக்கா பெண்ணின் அம்மா காதில் போய்ச் சொன்னார். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கரண்டுல போட்டா ஓடுமா?"

கைக்கு எட்டுகிற பிளக் பாயிண்ட் அடுப்பங்கரையில்தான் இருந்தது. வாசல் வரை போன பெண்ணைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். மிக்ஸியைக் கழற்றிவிட்டு எங்கள் வயரைச் சொருகினோம். வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் நின்றுதான் அந்தப் பெண் எல்லோரையும் கட்டிப்பிடித்து விடைபெற்றாள்.

அவள் அம்மா திடீரென்று கேமராவைப் பார்த்தார்.

"ஒங்க மவ கெளம்புதா... பாத்துக்கிடுங்க."

 அக்கா கேமராவை நிறுத்தவில்லை.

அடுத்த வருஷம் பெண்ணின் அப்பா ஸ்டுடியோவுக்கு வந்தார். கையில் அந்த கேசட். அந்த அம்மா மஞ்சள் காமாலையில் இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அதற்கும் அவரால் வர முடியவில்லை.

"ரூம்ல எல்லாரும் டூட்டிக்குப் போனப்பொறம் போட்டுப் பாப்பேம்மா. கடேசில அவ பேசுதா பாருங்க, அந்த எடத்துலயே திருப்பித் திருப்பிப் போட்டு... இப்ப கோடு கோடா வருது. இன்னொண்ணு கிடைக்குமா?"

எங்களிடம் இன்னொன்று இல்லை. எடுத்த கேசட்டையே கொடுத்திருந்தோம். காப்பி போட்டு வைக்க டெக் ஏது?

அவரை உட்காரச் சொல்லிவிட்டு அக்கா பின்பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். "எங்கிட்ட ஒருநாள் குடுங்க."

மறுநாள் திருநெல்வேலிக்குப் போனோம். காப்பி போடுகிற கடையில் அக்கா சொன்ன முதல் வார்த்தை, "டிவிய ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க."

"படம் விழுதா இல்லியான்னு நான் எப்படிம்மா பாக்கது?"

"நீங்க பாக்கவேண்டாம். பொம்பளைங்க மட்டும் உள்ள படம். அந்த வீட்டுல வாக்குக் குடுத்துருக்கேன்."

டிவி அணைந்தபடியே கேசட் முழுவதும் ஓடி முடிந்தது. அதுவரை அக்கா தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பிறகு கடைக்காரரை டீ குடிக்க அனுப்பிவிட்டு, நாங்கள் இருவரும் மட்டும் கடைசிப் பகுதியைப் போட்டுப் பார்த்தோம்.

கோடுகள் இருந்தன. முகம் பாதிதான் தெரிந்தது. குரல் மட்டும் தெளிவாக வந்தது.

அக்கா அழுது நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அதற்குப் பிறகு நான் கல்யாணமாகித் தூத்துக்குடிக்கு வந்துவிட்டேன். ஒரு குற்றால சீசனில் சாரல் உள்ளே இறங்கி கேமரா கெட்டுப்போனது. அக்கா கடன் வாங்கி அடுத்தது வாங்கினார். ரொம்ப வருஷம் கல்யாண வீடுகளுக்குப் போனார். தனக்கென்று ஒரு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "ஆர்டர் இருக்குட்டி" என்பார்.

போன மாதம் போனில் பேசினோம். "சீசன் நல்லாருக்கு, வாயேன்"னு சொன்னார். பேரனுக்குப் பரீட்சை, முடிந்ததும் வருகிறேன் என்றேன்...

சாயங்காலம் அடக்கம். நான் பஸ்ஸில் இருக்கிறேன். ஆலங்குளம் தாண்டியாச்சு. கண்ணாடியெல்லாம் மழை.

அக்கா... வந்துக்கிட்டே இருக்கேன்.