நெருப்பெரிச்சலில் நல்ல தண்ணி வந்த ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலிலிருந்து திருப்பூர் நெருப்பெரிச்சலுக்குப் போய் வந்தேன். மகள் வயிற்றுப் பேத்தி நித்யா அங்கே வாடகைக்கு இருக்கிறாள். சாஃப்ட்வேர் இன்ஜினியர். ஊர்க் கோயில் மாசி நோம்பிக்குக் கூப்பிட்டும் வரவில்லை, அதை நான் மறக்கவில்லை. லீவு நாளில் சம்பளமில்லாமல் ஊருக்கு வேலை செய்கிறாளாம். அப்படி என்ன வேலை என்று பார்க்கத்தான் கிளம்பினேன்.

காலை ஏழரைக்குப் பஸ். காங்கயம் வழியாக ஐம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, ஒன்றரை மணி நேரம் ஆனது. திருப்பூரில் டவுன் பஸ் மாறினேன், பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. எட்டு வருஷம் முன்னால் இங்கே ஒரு கண்டக்டர் என்னை ஒரு ஸ்டாப் தள்ளி இறக்கிவிட்டான். முகம் ஞாபகமிருக்கிறது. அவன் இதில் இல்லை.

பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். நித்யா போனைக் காட்டினாள். வாரத்துக்கு ஒருதரம் வரும் நல்ல தண்ணி எந்தத் தெருவுக்கு வந்தாலும், அங்கே பொறுப்பெடுத்தவர் 'வந்தது' என்று அமுக்கினால் தெருவுக்கே மணியடிக்கும்; வராவிட்டால் 'வரவில்லை' என்று அமுக்க வேண்டும். அவளும் சினேகிதர்களும் லீவு நாளில் செய்த ஆப்பாம் அது. இந்தத் தெருவுக்குப் பொறுப்பு அவளுடைய வீட்டுக்கார அம்மா.

அப்போது கடைசி வீட்டு ஜெபா வந்தாள். தூத்துக்குடிப் பக்கம், பனியன் கம்பெனி டெய்லர். பிள்ளைக்கு ஞானஸ்நானம், சாயந்திரம் ஊர் சனம் வருகிறதாம்.

"யக்கா, தண்ணி இன்னைக்கு வரும்லா? குடத்துல சொட்டு இல்ல."

நித்யா போனைப் பார்த்தாள். "இன்னும் வரலைன்னு காட்டுதுங்க. வந்தா மணியடிக்கும்."

ஜெபா போய்விட்டாள். நான் கால் கழுவப் பின்பக்கம் போனேன். பனியன் வேஸ்ட் மூட்டைக்கு அடியில் ஏதோ உறுமியது. மூட்டையை நகர்த்தினால், தெருக்குழாயிலேயே மாட்டிய மோட்டார். வீட்டுக்கார அம்மாவின் தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருக்கிறது. சத்தம் கேட்காமலிருக்கத் துணி போட்டிருக்கிறார்.

அந்தம்மா காப்பியோடு வந்தார். "வாங்கம்மா, பிரயாணமெல்லாம் சௌகரியமுங்களா?"

"தண்ணி வருது, வரலைன்னு அமுக்கியிருக்கீங்களே?"

"தொட்டி நெம்பட்டுமுங்க. நெம்புனதும் வந்துருச்சுன்னு போட்டுருவேன். இப்பவே போட்டா ஆளாளுக்கு மோட்டார் போட்டுருவாங்கல்லங்க. எல்லாத் தெருவுலயும் இப்படித்தானுங்க."

கோபமே இல்லாமல், சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில் சொன்னார். பின்னால் வந்த நித்யா கேட்டுவிட்டாள். அவள் முகம் செத்துப்போனது.

"அம்மாயி, அமுக்க மறந்துருவாங்கன்னு யோசிச்சோம். பொய்யா அமுக்குவாங்கன்னு யாருமே யோசிக்கலை."

மோட்டார் வயரைப் பிடுங்கினாள். தெருவில் இறங்கி, தண்ணி வந்துருச்சு, குழாயைத் திறங்க என்று கத்திக்கொண்டே கடைசி வீடு வரை ஓடினாள். போனைத் தொடவில்லை. நானும் பின்னால் போனேன். ஜெபாவுக்கு மூன்று குடம் கிடைத்தது, நாலாவது பாதியில் தண்ணி நின்றது.

"முன்னெல்லாம் குழாயத் தொறந்து வச்சிட்டு காத குடுத்துக்கிட்டே கெடப்பேன் ஆச்சி," என்றாள் ஜெபா. "இவுக போன் மணிய நம்பித்தான மூடி வச்சேன்."

நித்யா பாதிக் குடத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

திரும்பியபோது வாசலில் வீட்டுக்கார அம்மா. "மாசக் கடைசிக்குள்ள வேற ஊடு பார்த்துக்கங்க கண்ணு. வருத்தமெல்லாம் ஒண்ணுமில்லீங்க." அந்தக் காப்பியை நான் தொடவில்லை. இனி எந்த ஜென்மத்திலும் தொடமாட்டேன்.

திருட்டுப்பயல்களைப் பார்த்திருக்கிறேன். இத்தனை மரியாதையாக, வீட்டிலிருந்தபடி ஒரு விரலால் தெருவையே ஏமாற்றியதைப் பார்த்ததில்லை. ஊர் வந்த பிறகும் நெஞ்சு அடங்கவில்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் குடிக்கத் தண்ணீர் கையோடு கொண்டுபோங்கள். வாடகைக்குக் குடி போகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன் பின்பக்கம் போய்த் துணிமூட்டையைத் தூக்கிப் பாருங்கள். நித்யாவுக்கு வாடகை வீடு வேண்டும். அதே தெருவில்தான் வேண்டுமாம், ஜெபா வீட்டுப் பக்கமாக, தண்ணி வந்தால் அவளே குழாயைப் பார்த்துச் சொல்ல. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.