நேற்று அடித்த வெள்ளி

அம்மாவும் நானும் சேர்ந்து செய்த கடைசி வேலை மிளகாய் அரைத்தது. செவ்வாய்க்கிழமை. அவள் கல்லில் தக்காளியை நசுக்கினாள். நான் பூண்டு உரித்தேன்.

"வியாழக்கிழமை ரவ்தா வீட்டுக்குப் போறேன்," என்றாள்.

"போய்?"

"அந்தக் காசு நல்ல காசுதான்னு சொல்லணும். வேற என்ன, கால்லயா விழுவேன்?"

அம்மா பெயர் தகிய்யா. ஏமன் நாட்டு மலையூரான ஜிப்லாவில் எங்கள் தெருவில் அவள் வராமல் எந்தக் கல்யாணப் பேச்சும் முடியாது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்கு மஹராகக் கொண்டுவரும் பெரிய வெள்ளி ரியால்களை அவளிடம்தான் கொடுப்பார்கள். ஒரு பக்கம் பருத்த அரசி, மறுபக்கம் கழுகு. அரசியின் தலைமுத்துகளை நகத்தால் தடவுவாள். பிடிக்காவிட்டால் பாயில் எறிவாள். அவளை யாருக்கும் பிடிக்காது; கூப்பிடாமலும் இருக்க முடியாது.

ரஜப் மாதத்தில் ஹமாமாவின் மகனுக்கும் ரவ்தாவின் மகளுக்கும் பேச்சு. ஹமாமா கொண்டுவந்த காசுகள் பளபளத்தன.

"நேத்து அடிச்சது. கள்ளக்காசு," என்றாள் அம்மா, அறை நிறையப் பெண்கள் முன்னால்.

கல்யாணம் நின்றது. ஹமாமா வீட்டுக்குக் கள்ளக்காசு வீடு என்று பெயர் வந்தது.

நான் வேலை செய்யும் மருத்துவமனை ஆய்வகத்துக்கு ஹமாமா ஒரு காசுடன் வந்தாள். "படிச்சவளே, உன் தராசுக்காவது கண்ணு இருக்கான்னு பாரு."

காற்றில் எடை போட்டேன். தண்ணீரில் மூழ்கவிட்டும் போட்டேன். இரண்டு எடையும் அம்மா கழுத்தில் கோத்துப் போட்டிருந்த பழைய ரியாலின் எடைகளோடு ஒத்துப்போயின.

"அரசி செத்து இருநூறு வருஷம் ஆகப்போகுதும்மா," என்றேன் அன்று வீட்டுக்கு வந்து. "உன் கழுத்துல தொங்குறதும் அவ செத்தப்புறம் அடிச்சதுதான். எல்லாத்துலயும் அவ செத்த வருஷத்தையே போடுறாங்க."

"அப்போ முப்பது வருஷமா நான் குருடியா?"

"இந்தத் தடவை ஆமா."

நான்கு மாதம் அவள் என்னோடு பேசவில்லை. வெள்ளிக்கிழமை ரவ்தா வீட்டில் வேறு மாப்பிள்ளை பேசப்போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான், மிளகாய்க் கல்லின் முன்னால் வாயைத் திறந்தாள்.

புதன்கிழமை விடியுமுன் அம்மாவுக்கு மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது; விடிந்தபோது உயிர் இல்லை.

வியாழக்கிழமை, துக்கத்துக்கு வந்த பெண்கள் முன்னால் நான் காசுகளின் எடைகளைச் சொல்லி, ஹமாமாவின் காசு நல்ல காசுதான் என்றேன். ரவ்தா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"அழ வேண்டிய நேரத்துல தராசு தூக்குறா பாரு. கள்ளக்காசுன்னு சொன்னவளே வந்து சொல்லட்டும்."

"எங்க வருவா?" என்றாள் ஹமாமா. "உசுரோட இருந்தப்பவே அவ நாக்கு போன தூரம் கால் போகல."

யாரும் அவளை அதட்டவில்லை. நானும்.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண்ணை வேறு வீட்டுக்குப் பேசி முடித்தார்கள்.

ரவ்தா வீடு எங்கள் வாசலிலிருந்து நாற்பத்தொரு படி மேலே. அதை ஏற நான்கு மாதம் இருந்தது. அம்மா வியாழக்கிழமை போவதாக இருந்தாள்.