கீழே இறங்கிய குரல்

பேருந்து நிலையத்தில் அவளை எல்லோரும் 'மைக்கு' என்றுதான் கூப்பிட்டார்கள். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது, எப்போது கிளம்புகிறது என்று கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்து அறிவிப்பது அவள் வேலை. சேர்ந்த அன்றே மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார்: "குரல் மேல நிக்கணும். கேட்டா இனிக்கணும்."

அவளுக்கோ இயல்பிலேயே கனத்த குரல். அதை இழுத்துப் பிடித்து உச்சத்தில் நிறுத்திப் பழகினாள். அளவு சேராத செருப்பு முதலில் கடிக்கும். பிறகு கடிப்பது மறந்துபோகும். புண் மட்டும் மறக்காது. ஆண்டுகள் போயின. ஒரு நாள் அறிவிப்பின் நடுவில் குரல் அறுந்து, ஒலிபெருக்கியில் வெறும் காற்று வந்தது. வெளியே ஓட்டுநர்கள் சிரித்தார்கள். மேற்பார்வையாளர் சிரிக்கவில்லை. அவருக்கு அதைவிட நல்ல சமாச்சாரம் கிடைத்திருந்தது.

"மாசக் கடைசி வரைக்கும் லீவு தந்து பாக்குறேன். சரியாகலேன்னா வீட்டோட இருந்துக்க. என் மச்சினி சும்மாதான் இருக்கா. அவ குரலும் குயிலாட்டம்."

குரல்நாண் வீங்கியிருக்கிறது, வாயைத் திறக்காதே என்றார் மருத்துவர். குரல் பயிற்சி தரும் ஒரு பெண்ணிடம் அனுப்பியும் வைத்தார்.

வீட்டில் நாத்தனாருக்கு வாய்ப்பு கனிந்தது. "வாயில்லாத மருமக கிடைக்கலையேன்னு ஏங்கியே எங்கம்மா போய்ச் சேந்தா. இப்ப இருந்திருந்தா வயிறு குளிர்ந்திருக்கும்" என்றாள், கீரையை ஆய்ந்துகொண்டே.

அவளால் பொறுக்க முடியவில்லை. குரலை எடுக்காமல், வெறும் மூச்சிலேயே பதில் கொடுத்தாள். ஒருத்தி முழுக் குரலில், ஒருத்தி கிசுகிசுப்பில் என்று சண்டை நாள்தோறும் நடந்தது. புருஷன் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தான்.

அடுத்த தடவை பயிற்சிக்காரி தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"பேசினீங்களா?"

"இல்லீங்க. கிசுகிசுன்னுதான். நாத்தனார்கிட்ட."

"அதுக்குக் கத்தியே தொலைச்சிருக்கலாம். கிசுகிசுத்துச் சண்டை போட்டா நாண் இன்னும் இறுகும். ஓய்வுன்னா ஓய்வு. தொண்டையைக் கனைக்கவும் கூடாது. கனைப்பு வந்தா ஒரு வாய் தண்ணி முழுங்குங்க."

மௌனத்தைப் புகழ்ந்தவர்கள் யாரும் நாத்தனாரோடு ஒரே சமையலறையில் புழங்கியிருக்க மாட்டார்கள். அவள் தண்ணீரை விழுங்கினாள், கூடவே வசவுகளையும். கோபம் போய்விடவில்லை, பாத்திரங்களுக்கு மாறியது. அவை நெளிந்தன. வீக்கம் வடிந்தது.

பிறகு பயிற்சிக்காரி உதட்டை மூடி 'ம்' என்று முனகச் சொன்னாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு முனகினாள். அடியிலிருந்து தடித்த ஒலி ஒன்று எழுந்து விரல்களை அதிரவைத்தது.

"இதுதான் உங்க குரல்."

"ஆம்பளை மாதிரி இருக்கே."

"மேல ஏத்தினீங்கன்னா திரும்ப இங்கதான் வருவீங்க. உங்க இஷ்டம்."

மாதக் கடைசியன்று மேற்பார்வையாளர் கூண்டுக்குள்ளேயே கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவள் தண்ணீர் குடித்தாள், மைக்கைத் திறந்தாள், அந்தக் கனத்த குரலிலேயே அறிவித்தாள்.

"என்ன இது, எழவு சொல்ற மாதிரி? பழைய குரல் எங்க?"

"அது என்னுது இல்ல சார்."

"எனக்கு அதுதான் வேணும்."

"அதுல பேசினா மறுபடி அறுந்துடும். இருக்கிறது இதுதான்."

"சாயங்காலத்துக்குள்ள ஒரு புகார் வரட்டும், அப்புறம் பேசிக்கிறேன்."

சொன்னவர் விசாரணைக் கவுண்டரில் போய்த் தானே உட்கார்ந்துகொண்டார். ஒருவன் கழிப்பறைக்கு வழி கேட்டான். ஒருத்தி தொலைத்த குடையைக் கேட்டாள். குரலைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. பொறுக்க மாட்டாமல், மூட்டையோடு ஓடிய ஒருவனை அவரே நிறுத்தினார்.

"அறிவிப்பு கேட்டீங்களா? குரல் ஒரு மாதிரியா இல்ல?"

"நாலாவது மேடைன்னுதானே சொன்னாங்க? விடுங்க சார், வண்டி போயிடும்."

பொழுது சாய்ந்ததும் கூண்டுக்குத் திரும்பி வந்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலை ஷிஃப்ட்டுக்கு வந்துடு. என் மச்சினிகிட்ட இனி நான் என்னத்தைச் சொல்றது?"

அது தன் கவலையில்லை என்று அவள் சொல்லவில்லை. "தண்ணி பாட்டில் வைக்க இங்க ஒரு இடம் வேணும் சார்."

"மேசை மேல எதுவும் வைக்கக் கூடாது."

அவள் பாட்டிலைத் தரையில், தன் காலடியில் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், தரைக்கு விதி ஏதாவது உண்டா என்று யோசித்தார், கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.