லைனில் இருந்த லாத்தா

கைபேசியிலிருந்து ஓர் அலுவலகத்தின் ஓசை மட்டும் வந்துகொண்டிருந்தது. நாற்காலி நகரும் சத்தம், யாரோ எதற்கோ சிரிப்பது. வளைகுடாவில் எங்கோ ஒரு மேசைமேல் ரிசீவரை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இங்கே சீர்காழியில், நான் மாடியில் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில், நான் அக்கா முறையில் லாத்தா என்று கூப்பிடும் வீட்டுக்காரர் போனை ஸ்பீக்கரில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இருபது நிமிடமாக இதே கதை.

லாத்தாவின் கணவர் அங்கே தண்ணீர் லாரி ஓட்டினார். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் கம்பெனி அவருடைய பாஸ்போர்ட்டைத் தரவில்லை. இரண்டு கண்ணிலும் புரை முற்றி, எதிரே வரும் வண்டியின் விளக்கு நாலைந்தாகத் தெரிகிறது என்று அவர் சொன்ன நாளிலிருந்து லாத்தாவுக்குச் சோறு இறங்கவில்லை. அலுவலகத்துக்குப் போய்க் கேட்டால் கேட்டைத் தாண்டி அவரை விடுவதில்லையாம். "நானே கேக்குறேன். எனக்கு நாலு வார்த்த இங்கிலீஷ் சொல்லிக் குடுங்க டீச்சர்" என்று ஒருநாள் மாடியேறி வந்தார்.

பள்ளியில் ஆங்கிலம் எடுப்பவளிடம் வந்து கேட்டால் சும்மா விடுவேனா? நாலு வார்த்தை கேட்டவருக்கு முழுப் பாடமே நடத்தினேன். கம்பெனிக்குப் போன் போட்டால் எடுக்கும் பெண் ஒவ்வொரு முறையும் சொல்லும் 'ஹோல்ட் ஆன்' என்பதையே எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொள் என்பதற்கும் அதுதான், துன்பத்தில் தளர்ந்துவிடாதே என்பதற்கும் அதுதான், போனில் சொன்னால் லைனில் இரு என்று பொருள். முதலாவது நேரடிப் பொருள், மற்றவை அதிலிருந்து வளர்ந்தவை என்று விரலை நீட்டி நீட்டி விளக்கினேன். லாத்தா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மூணுலயும் விட்றாதன்னுதானே டீச்சர் சொல்றாங்க?" என்றார். என் பாடம் ஒரே வரியில் முடிந்துபோனதில் எனக்குக் கொஞ்சம் கடுப்புதான்.

இதற்கு முன் நாலைந்து முறை அழைத்திருந்தோம். ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடத்தில் பொறுமையிழந்து இணைப்பைத் துண்டித்தது நான்தான். எனக்கு ரோஷம் அதிகம். அன்று மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை. வழக்கம்போல, "கட் பண்ணுங்க லாத்தா. நம்மள மறந்துட்டாங்க" என்றேன்.

"வைக்கச் சொல்லலையே டீச்சர். இருக்கச் சொன்னாங்க, இருக்கேன்."

கீரை முடிந்து வெங்காயமும் உரித்தாயிற்று. நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு கேட்டதும் போனை என் கையில் கொடுத்து, "பாத்துக்கங்க, தொழுதுட்டு வந்துடறேன்" என்று உள்ளே போனார். சொல்லவே வெட்கமாக இருக்கிறது, என் விரல் இரண்டு முறை அந்தச் சிவப்புப் பொத்தான் வரைக்கும் போனது. அப்போதுதான் ரிசீவரை யாரோ எடுக்கும் சத்தம் கேட்டது. ஓர் ஆண் குரல், ஆங்கிலத்தில், யார் இது, எவ்வளவு நேரமாக லைனில் இருக்கிறீர்கள் என்று கேட்டது. ஐம்பது நிமிடம் என்றேன். நானே பேசி முடித்திருக்கலாம். ஆனால் காத்திருந்தவர் அவரல்லவா! "ப்ளீஸ் ஹோல்ட் ஆன், சார்" என்றேன். அந்த மனிதர் காத்திருந்தார்.

தொழுகைப் பாயிலிருந்து எழுந்து வந்த லாத்தாவுக்கு நான் சொல்லிக் கொடுத்தது எல்லாம் மறந்துபோயிருந்தது. "சார், மை ஹஸ்பண்ட் ஐ நாட் சீ. டிரைவிங் டேஞ்சர். பாஸ்போர்ட் கிவ், சார். ஹோம் கம்." அதில் திருத்த எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. அந்த மனிதர் கணவரின் ஊழியர் எண்ணைக் கேட்டார். லாத்தா ஒவ்வோர் இலக்கமாக, ஒன்றுகூடப் பிசகாமல் சொன்னார். அவர் மேலாளராம். நாளை உங்கள் கணவரை என்னிடம் நேரே வரச்சொல்லுங்கள் என்றார்.

மூன்று வாரத்தில் லாத்தாவின் கணவர் வந்துவிட்டார். திருச்சி விமான நிலையத்துக்கு நானும் போயிருந்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தவர், நாலடி தூரத்தில் நின்ற மனைவியைத் தாண்டிப் போனார். "மச்சான், இங்க" என்று லாத்தா கூப்பிட்ட பிறகுதான் குரல் வந்த பக்கம் திரும்பினார். இந்தக் கண்ணை வைத்துக்கொண்டா லாரி ஓட்டினார்! லாத்தா அழுதார், நானும் அழுதேன். அவர் மட்டும், யார் அழுவது என்று சரியாகத் தெரியாமல் இருவரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்.

அவருக்கு இரண்டு கண்ணிலும் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது. இப்போதெல்லாம் நான் பள்ளியிலிருந்து வந்து கேட்டைத் திறக்கும்போதே வாசலில் இருந்தபடி சொல்கிறார்: "டீச்சர், முந்தானையில சாக்பீஸ் தூள்."