வயலுக்கு அனுமதி உண்டு, கடலுக்கு?

காலை ஒன்பது மணிக்கு மட்டக்களப்புப் பேருந்து என்னைக் கல்முனையில் இறக்கிவிட்டது. வழி நெடுக, நாற்பது கிலோமீற்றரும், ட்ரோன் பெட்டியை மடியிலேயே வைத்திருந்தேன். கைப்பையில் கொழும்பு விமானப் போக்குவரத்து அலுவலகம் தந்த, பறக்கவிடுவதற்கான அனுமதிப் பத்திரம்: சம்மாந்துறையில் ஒரு வயல், இரண்டு நாட்கள், தொழில் நோக்கம். அதைப் பெறுவதற்குள் யாழ்ப்பாணத்திலிருந்து எத்தனை அழைப்புகள் எடுத்தேன் என்று நினைவில்லை.

என்னை வரவழைத்தவர் றசீன். தன் வயலில் வாய்க்கால் தண்ணீர் எந்தப் பக்கம் ஏறவில்லை என்பதை மேலிருந்து பார்க்க விரும்பினார். ஓட்டோவுடன் காத்துநின்றார். முகம் வாடியிருந்தது.

“மிஸ், வயலுக்குப் பொறகு போவம். முதல்ல சாய்ந்தமருதுக்கு வாங்க. எங்கட ராத்தாட மாப்புள நேத்து விடியச் சுபஹ் தொழுகையோட கடலுக்குப் போனவர், இன்னும் வரல்ல.”

மூன்று கிலோமீற்றர்தான். கடற்கரையில் அவருடைய அக்கா பரீனா நின்றிருந்தார். தேடுவதற்குப் படகுகள் புறப்பட்டுப் போயிருந்தன. அவர் அழவில்லை. என் பெட்டியையே பார்த்தார்.

“இத மேல விட்டாக் கடல் தெரியுமா, தங்கச்சி?”

“தெரியும். ஆனா எனக்கு வயலுக்குத்தான் அனுமதி தந்திருக்கினம்.”

“அப்ப கடலுக்கு ஆரிட்டக் கேக்கணும்?”

கொழும்புக்கு அழைத்தேன். இதற்குப் பணம் வாங்குகிறீர்களா என்று கேட்டார் பத்திரம் தந்த அலுவலர். இல்லை என்றேன்.

“அப்ப தொழில் இல்ல. பொழுதுபோக்கு.”

“ஒரு ஆளைத் தேடுறம், ஐயா.”

“விளங்குது. ஆனா எங்களிட்ட அந்த ரெண்டு வகைதான் இருக்கு. பொழுதுபோக்கெண்டா உங்கட கண்ணுக்குத் தெரியிற தூரம் மட்டும் போகலாம். கரையோரமானபடியாப் பாதுகாப்புத் தரப்பிட்டயும் கேளுங்க.”

பக்கத்து இராணுவ முகாமில் கேட்டோம். பொலிஸ் கடிதம் வேண்டுமென்றார்கள். பொலிஸில் இருந்தவர் நல்ல மனிதர். “தேடுறதெண்டா நாங்க மறிக்கமாட்டம். ஆனா அனுமதி தாறது எங்கட வேலையில்ல,” என்றார். மறிக்காமல் இருப்பது அனுமதியாகுமா என்று கேட்டேன். அவரும் யோசித்தார்.

மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது. வெயில் ஏறியது. பரீனா மணலில் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. பெட்டியைத் திறந்தேன்.

ட்ரோன் அலைகளைக் கடந்து போய்ப் புள்ளியானது. பிறகு அந்தப் புள்ளியும் மறைந்தது. விதிப்படி அங்கேயே திருப்பியிருக்க வேண்டும். நான் திருப்பவில்லை. திரையில் தண்ணீர், தண்ணீர், தேடப்போன படகொன்று. அதிலிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துக் கையை விரித்தார்கள்.

“இன்னும் கொஞ்சம்,” என்றார் பரீனா.

பற்றரி குறைந்து திரை சிவப்பாகும்வரை போனேன். பிறகு ஒன்றும் காணாமல் திருப்பினேன். அவர் மறுபடி கடலைப் பார்த்து நின்றார். அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு றசீனின் தொலைபேசி ஒலித்தது. அவருடைய மச்சான்தான் பேசினார். இயந்திரம் பழுதாகித் தெற்கே இழுபட்டுப் போன அவர் படகை வேறு மீனவர்கள் கட்டி இழுத்துத் திருக்கோவிலில் கரைசேர்த்திருந்தார்கள். “அல்ஹம்துலில்லாஹ்,” என்று தொலைபேசியை அக்காவிடம் கொடுத்தார். அவர் அதைக் காதில் வைத்தபடியே மணலில் உட்கார்ந்தார். அப்போதுதான் அழுதார்.

மறுநாள் சம்மாந்துறையில் பத்திரத்தோடு பறக்கவிட்டேன். யாரும் வந்து அதைக் கேட்கவில்லை. வயலின் வடக்கு மூலை காய்ந்து வெளிறியிருப்பது திரையில் தெளிவாகத் தெரிந்தது. றசீனுக்கு அது போதும்.

திரும்பும் பேருந்தில் எனக்குத்தான் தெளிவில்லை. நான் செய்தது குற்றமா, பொழுதுபோக்கா, வீண் வேலையா? யாழ்ப்பாணத்தில் என் வீடு இராணுவ முகாமுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அங்கே பறக்கவிட எனக்கு ஒருபோதும் அனுமதி கிடைத்ததில்லை, மீறவும் தோன்றியதில்லை. எத்தனையோ பேருடைய வயல்களை மேலிருந்து பார்த்துவிட்டேன். என் கூரையை இன்னும் பார்த்ததில்லை.