மஞ்சள் பூசிய கல்

பண்பொழி மலையடியில் எங்கள் தோப்புக்கு மேலே ஒரு பழைய செம்புச் சுரங்கம் உண்டு. எந்தக் காலத்திலோ தோண்டியவர்கள், செம்பு தீர்ந்தது என்று விட்டுப் போய்விட்டார்களாம். இன்று அது வெறும் தண்ணீர்க் குழி.

போன மாதம், மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க ஜீப்பிலும் லாரியிலும் ஆட்கள் வந்தார்கள். குழியைச் சுற்றித் துளை போட்டும் ஒன்றும் சிக்கவில்லை. கிளம்பியவர்களைக் காப்பி குடிக்கக் கூப்பிட்டேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கிணறு வெட்டும்போது முதல் ஊற்றோடு வந்த கல்லை மஞ்சள் பூசிச் சாமி அலமாரியில் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். பெருமையாக எடுத்து நீட்டினேன்.

அவர்களில் மூத்தவர் மஞ்சளைத் துடைத்தார். உள்ளே செம்புக் களிம்பின் பச்சை நிறம்.

"இது எங்கன கிடைச்சுது, அண்ணாச்சி?"

அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் கிணற்றைக் காட்டிவிட்டேன்.

"சாமி கல்லை எதுக்கு வெளிய எடுத்திய?" என்றாள் மனைவி, அவர்கள் போனபின்.

அன்றிலிருந்து புளியறை ரோட்டில் லாரி போனாலே வாசலுக்கு வந்து எட்டிப் பார்ப்பேன். நேற்று அதே ஜீப்பும் லாரியும் நேரே எங்கள் வீட்டுக்கு வந்தன. குழிப் பக்கம் திரும்பவே இல்லை.