மூன்றாவது பாட்டில்

வெட்டிச் சாய்த்த புளியமரத்தின் மேல் பெட்டியை வைத்து, டாக்டரம்மா பாட்டில்களை எண்ணியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. கச்சிராயபாளையம் சாலை. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வாரம் அது. வழியெல்லாம் மரங்களை வெட்டிப் போட்டு மறித்திருந்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கி நடந்துகொண்டிருந்தோம். கட்டைவிரல் பருமனில் சின்னப் பாட்டில்கள். ரப்பர் மூடி, அதன்மேல் மெழுகு. "ஒண்ணு, ரெண்டு" என்று தொட்டு எண்ணிப் பெட்டியைப் பூட்டினார். என் தோளில் தொங்கிய சாப்பாட்டுப் பையில் மூன்றாவது இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

அப்போது நான் கள்ளக்குறிச்சி மாட்டாஸ்பத்திரியில் தற்காலிக ஆய்வுக்கூட உதவியாளன். அவர் அங்கே மருத்துவர். ரிஷிவந்தியம் பக்கத்துக் கிறிஸ்தவ விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அலுவலகப் பேச்செல்லாம் அளந்து பேசுவார், கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். கல்வராயன் மலையில் ஓர் ஊரில் மாடுகள் திடீர் திடீரென்று விழுந்து செத்தன. மூக்கில் கறுத்த ரத்தம். ஆந்த்ராக்ஸ் என்கிற அடைப்பான் நோயாக இருக்கலாம் என்று அவருக்குச் சந்தேகம். மனிதனுக்கும் தொற்றிக் கொல்லும் நோய் அது. செத்த மாட்டை அறுக்காதீர்கள் என்று ஊர்க்காரர்களைக் கையெடுத்துக் கும்பிட்டு, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைக்க வைத்தார். சென்னை ஆய்வுக்கூடத்துக்காக இரண்டு பாட்டில் ரத்தம் எடுத்தோம். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பஸ்ஸில் போட்டுவிடும் பார்சல் பல தடவை போய்ச் சேராமலே தொலைந்துவிடும். அதனால் எதை அனுப்பினாலும் உதவியாளர்கள் ஒன்று கூடுதலாக எடுத்து ஒதுக்கி வைப்போம். பதிவேட்டில் எழுத மாட்டோம். ரோடே அடைத்துக் கிடக்கும்போது சும்மா இருப்பேனா? அவர் ஊர்க்காரர்களோடு பேசிக்கொண்டிருந்த நேரத்தில் மூன்றாவதை நிரப்பிக்கொண்டேன். பெரிய கெட்டிக்காரன் என்று நினைப்பு.

மறியலில் நின்ற இளைஞர்களில் ஒருவர் பெட்டியைக் காட்டி, "இன்னாம்மா அதுல?" என்றார்.

"மாட்டு ரத்தம்ப்பா. ஒடைஞ்சா நீயும் வூடு போய்ச் சேர மாட்ட, நானும் சேர மாட்டேன்."

அலறி ஓடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களோ மரத்தின் மேல் ஏறி நின்று, பச்சைப் பிள்ளையை வாங்குவதுபோலப் பெட்டியை வாங்கி அந்தப் பக்கம் இறக்கினார்கள். "மலை மாட்டுக்கு வந்தது எங்க மாட்டுக்கு வர எம்மா நேரமாவும்? போங்கம்மா" என்றார் அந்த இளைஞர். அவர்களே ஒரு பால் வண்டியையும் பிடித்துக் கொடுத்தார்கள்.

நோய் அடைப்பான்தான் என்று முடிவு வந்தது. தடுப்பூசி வந்தது, மலையில் சாவு நின்றது. அதன் பிறகு டெல்லியிலிருந்து சென்னை வழியாக ஒரு படிவம் வந்தது. எத்தனை மாதிரி எடுத்தீர்கள், இப்போது எங்கே இருக்கின்றன, மிச்சத்தை அழித்தது யார் என்று கேள்விமேல் கேள்வி. நான்தான் தட்டச்சு செய்தேன். எடுத்தது இரண்டு, மிச்சம் இல்லை. "மாட்டு ரத்தத்துக்கு இவ்ளோ கேள்விங்களாம்மா?" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இந்தக் கிருமிய வெச்சி ஊரையே கொல்லலாம்னு நெனச்ச ஆளுங்க உலகத்துல இருக்கறாங்கப்பா. அத்த ஆயுதமா செய்யக் கூடாதுன்னு நாடுங்க கையெழுத்துப் போட்டிருக்குது. எங்க ஊர்ல இந்த நோவு வந்துச்சி, தானா வந்துச்சி, ஒளிச்சி எதுவும் வெச்சிக்கலன்னு ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறாங்க. சொல்லாட்டி சந்தேகம் வரும்."

அப்பப்பா! எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. பெயர்கூட வாயில் நுழையாத நாடுகள், ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும் நாடுகள், எங்கள் மலையில் நாலு மாடு செத்த கதையை ஒரே மேசையில் உட்கார்ந்து படிக்குமா? நான் தட்டிய எழுத்தையா? அந்த நினைப்பின் பின்னாலேயே இன்னொன்றும் ஞாபகம் வந்தது. குளிர்பெட்டியில், தடுப்பூசிகளுக்குப் பின்னால், ஒரு காலி மாத்திரை டப்பாவுக்குள் மூன்றாவது பாட்டில் அப்படியே இருந்தது. படிவம் அன்றே தபாலில் போய்விட்டது.

இரண்டு வாரம் சோறு இறங்கவில்லை. என்னை நிரந்தரமாக்கும் கோப்பு மாவட்ட அலுவலகத்தில் இருந்தது; வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். விஷயம் தெரிந்தால் வேலை போச்சு. ஒரு மதியம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, டப்பாவோடு ஆட்டோகிளேவ் வரை போனேன். ஊசி, பாட்டில் எல்லாவற்றையும் நீராவியில் அவிக்கும் பாத்திரம் அது. மூடியைத் திறந்தேன். முடியவில்லை. அவித்தால் கிருமி செத்துவிடும். நான் தட்டிய பொய் சாகாது. நேரே போய் அவர் மேசைமேல் டப்பாவை வைத்துச் சொல்லிவிட்டேன்.

"அடப்பாவி! சோத்துப் பையிலயா வெச்சிக்கினு வந்த? உனக்கு எதுனா ஆயிருந்தா?"

முதல் பயம் எனக்காக. அதற்கப்புறம் வாயில் வந்தபடி திட்டினார். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துத் தன் கையாலேயே அதை அவித்தார். பிறகு ஒரு திருத்தக் கடிதம் எழுதினார். மூன்றாவது பாட்டில், என் பெயர், நானே முன்வந்து சொன்னது, எல்லாம் அதில் இருந்தது. "என் பேரு மட்டும் வேணாங்கம்மா, வேலை போயிடும்" என்று அழுதேன்.

"பேர மறைச்சி உன்ன காப்பாத்துனா, நீ சொன்ன நெசத்துக்கு இன்னா மரியாத? குளிர்பெட்டிய தொறந்து பாக்காத தப்பு என்னுதுன்னு என் பேரையும்தான் போட்டிருக்கேன்."

அதற்குப் பிறகு பல நாள் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. விளக்கம் கேட்டு இரண்டு பேருக்கும் மெமோ வந்தபோது, மனசுக்குள் அவரைச் சபித்தேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கொரோனாவுக்குப் பிறகு, நாடுகள் ஒன்றையொன்று பார்த்து நீ எதை மறைத்தாய் என்று கேட்பதைத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். இப்போது நான் ஓய்வு பெற்றவன், திட்டிக்கொண்டே பார்க்கலாம். ஆனால் திட்ட வாய் வருவதில்லை. பதிவேட்டைத் திறந்து காட்டுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஒற்றைப் பாட்டிலுக்கே எனக்கு இரண்டு வாரம் ஆனது.

மெமோ வந்த வாரத்தில், டெல்லி அதிகாரி ஒருவரோடு, நாடுகள் அனுப்பும் அந்தப் படிவங்களைப் படிக்கும் வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் மலையைப் பார்க்க வந்தார். போகும்போது ஆஸ்பத்திரியில் இறங்கி, பாட்டில்காரர் யார் என்று கேட்டாராம். தொலைந்தேன் என்று போய் நின்றேன். அந்தப் பெரிய மனிதர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏதோ நீளமாகப் பேசினார். டாக்டரம்மாதான் தமிழில் சொன்னார்:

"அவுங்களுக்கு வர்ற காயிதத்துல எல்லாம் எண்ணிக்கை சரியாத்தான் இருக்குமாம். தப்பு பண்ணிட்டோம்னு வந்தது இது ஒண்ணுதானாம். அதனாலதான் நம்ம மத்த வரிங்களையும் நம்புனாங்களாம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை தப்பித்தது என்றும் ஒரு நப்பாசை. "அப்ப அந்த மெமோ..." என்று மெதுவாக இழுத்தேன்.

"அதுக்கு இன்னா? நாளைக்குக் கடைசி நாளு. போய் பதில எழுது."

எழுதினேன். நிரந்தர ஆணை ஒரு வருஷம் பிந்தி வந்தது. ஏன் பிந்தியது என்று கேட்பவர்களையெல்லாம் உட்கார வைத்து முழுசாகச் சொல்கிறேன்.